தனிக்கூண்டு எலிகளும் முதல் கடியும்

எலிக்குக் கோபம் வரும்வரை காத்திருப்பதுதான் என் தொழில். இதற்குச் சம்பளம் உண்டு, பி.எஃப். உண்டு, தீபாவளிக்கு ஒரு ஸ்வீட் டப்பாவும் உண்டு.

பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தின் அடித்தளத்தில் இருக்கிறது எங்கள் விலங்குக்கூடம். அங்கே வெள்ளைச் சுண்டெலிகளில் ஆணாகப் பார்த்து, கூண்டுக்கு ஒன்று என்று சில வாரங்கள் தனியாக வைப்போம். பிறகு ஒருநாள் அதன் கூண்டுக்குள் முன்பின் தெரியாத இன்னோர் எலியை விடுவோம். வீட்டுக்கார எலி எவ்வளவு நேரத்தில் முதல் கடி கடிக்கிறது, எத்தனை தடவை துரத்துகிறது என்று கேமராவில் பிடித்து எண்ணுவோம். கூட்டத்தோடு வளர்ந்த எலி, வந்தவனை முகர்ந்து பார்த்துவிட்டுப் பெரும்பாலும் தன் வேலையைப் பார்க்கப் போய்விடும். தனியாகக் கிடந்தது அப்படி விடாது. மூளையில் செரட்டோனின் என்று ஒரு ரசாயனம் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொள்ள நரம்பணுக்களின் மேல் பல வகை ஏற்பிகள் இருக்கின்றன. எந்த ஏற்பியைத் தொட்டால் இந்தக் கடி குறையும் என்று பார்ப்பதுதான் எங்கள் ஆராய்ச்சி.

தனியாக வீடு எடுத்துத் தங்கி, சிலிண்டர் போட வந்தவரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்து, அவர் போன பிறகு கதவுக்குப் பின்னால் நின்று வருத்தப்பட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். நானும் உங்கள் கட்சிதான்.

ஊசி கிடைக்குமா?

பிரேசர் டவுனில் நான் பல வருஷமாகக் குடியிருந்த மாடி அறைக்குக் கீழே வீட்டுக்காரம்மா ஸ்டெல்லா ஆன்ட்டி இருந்தார். எனக்கு எலிகளோடு வேலை என்று தெரிந்ததும், ஒன்றிரண்டு என் பையில் ஏறி வந்துவிடும் என்று முதலில் கொஞ்ச நாள் பயந்தார். அப்புறம் பயம் போய் ஆர்வம் வந்துவிட்டது. ஒரு டிசம்பர் சாயங்காலம் அவரைக்கொட்டை பிதுக்கிக்கொண்டே, அப்படி என்னதான் செய்கிறாய் என்று கேட்டார்.

நான் தெருவை வைத்து விளக்கினேன். ராத்திரி கூர்க்கா விசில் ஊதுகிறார். ஒரு வீட்டில் லைட்டை அணைக்கிறார்கள், ஒரு வீட்டில் நாய் குரைக்கிறது, இன்னொரு வீட்டில் பெரியவர் எழுந்து தண்ணீர் குடிக்கிறார். விசில் ஒன்றுதான், கேட்கிற காது வேறு வேறு. செரட்டோனின் அந்த விசில், ஏற்பிகள் அந்தக் காதுகள். 1ஏ, 1பி என்று அவற்றுக்குப் பெயர் உண்டு. நாங்கள் கொடுக்கும் ஊசி ஒரு குறிப்பிட்ட காதில் மட்டும் போய்ப் பேசும். கடிக்கிற எலி கடியைக் குறைக்கும். ஆன்ட்டி தலையாட்டிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கொட்டைத் தோலை முறத்தின் ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சொன்னார்: "எல்லாம் சரிம்மா, அந்த ஊசிய மனுஷங்களுக்குப் போடலாமா? எங்க சர்ச் கமிட்டியில நாலஞ்சு பேருக்கு வேணும்."

படுத்துக் கிடந்த எலி

வேலைக்குச் சேர்ந்த புதிதில் நடந்தது. 1ஏ ஏற்பியைத் தூண்டுகிற மருந்து ஒன்றை வீட்டுக்கார எலிக்குக் கொடுத்துவிட்டு, கூண்டில் புது எலியை விட்டேன். கடியே இல்லை. அடுத்த கூண்டிலும் இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆராய்ச்சியை நடத்துகிற எங்கள் டாக்டரம்மாவிடம் ஓடினேன். மங்களூர்க்காரர், ஆனால் வேலூரில் படித்ததால் தமிழ் நன்றாக வரும். அவர் வீடியோவை ஓடவிட்டுப் பார்த்தார். எலி வயிறு தரையில் படிய, பின்னங்கால்களைப் பரப்பிக்கொண்டு கிடந்தது. வந்த எலி அதன் மேலேயே ஏறிப் போனது. அப்போதும் அது அசையவில்லை.

கடிக்கவில்லை என்பது பாதிதான் என்றார். பக்கத்தில் போகிறதா, முகர்கிறதா, திரும்பி வந்து இன்னொரு தடவை பார்க்கிறதா என்பது மீதிப் பாதி. 1பி ஏற்பியிலும் வேலை செய்கிற மருந்துகளில் சில, கடியை மட்டும் குறைத்துவிட்டு இந்த மீதியை அப்படியே விட்டுவைக்கும். நமக்கு வேண்டியது அதுதான் என்றார். எனக்கு என் ஞாயிற்றுக்கிழமைகள் ஞாபகம் வந்தன. காலையிலிருந்து இருட்டும்வரை கட்டிலில் படுத்தபடி, யாரோடும் ஒரு சண்டை இல்லை, எவ்வளவு நிம்மதி என்று நினைத்துக்கொண்டிருப்பேன். டாக்டரம்மா வீடியோவை நிறுத்தினார். "சகுந்தலா, அது சாந்தமாகல. அது எழுந்திருக்கவே இல்ல."

பேச்சுத் துணை

எலிகள் இருட்டில்தான் சுறுசுறுப்பாக இருக்கும். அதனால் எங்கள் கூடத்தில் பகலை இரவாக்கி வைத்திருப்போம். காலையில் உள்ளே போனால் மங்கலான சிவப்பு விளக்கு மட்டும்தான் எரியும். அந்த வெளிச்சத்தில் தட்டுத்தட்டாக அடுக்கிய கூண்டுகளுக்கு நடுவே நான் மட்டும் நிற்பேன். வெளியே வரும்போது நிஜமான இருட்டு வந்திருக்கும். மழைக்காலத்தில் சில வாரங்கள் நான் வெயிலையே பார்த்ததில்லை.

ஒருமுறை ஒரு வரிசை எலிகள் மட்டும் கணக்குக்கே ஒத்துவரவில்லை. அத்தனை வாரம் தனியாக வைத்தும் அவற்றுக்குக் கோபம் சரியாக ஏறவில்லை. டாக்டரம்மா வீடியோக்களைச் சத்தத்தோடு போட்டுக் கேட்டிருக்கிறார். அதில் என் குரல். இன்றைக்குப் புளிக்குழம்பு வைத்தேன், உப்புக் கூடிவிட்டது. பஸ்ஸில் ஒருத்தி காலை மிதித்துவிட்டு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. உனக்குத் தீனி போட்டார்களா, சாப்பிட்டாயா? கதவுக்கு அருகே இருந்த அந்த வரிசையிடம் தினமும் நான் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கே தெரியாது. என் பேச்சுதான் காரணமா என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனாலும் அந்த வரிசையை ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட வேண்டியதாயிற்று. டாக்டரம்மா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் சொன்னார்: "நீங்க கூட இருந்து பேசிட்டிருந்தா, அது தனியா இருக்கற எலி இல்லையே."

பெண் எலிகள்

வருஷத்துக்கொரு தடவை கல்லூரி மாணவிகள் சுற்றிப்பார்க்க வருவார்கள். நான் வழக்கமாகச் சொல்வதைச் சொல்லி முடித்தேன். கண்ணாடி போட்ட ஒரு பெண் கையைத் தூக்கி, ஏன் எல்லாக் கூண்டிலும் ஆண் எலி, பெண் எலியைத் தனியாக வைத்தால் ஒன்றும் ஆகாதா என்று கேட்டாள். நான் டாக்டரம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை வருஷம் அந்தக் கூடத்தில் நின்றவள் நான். அந்தக் கேள்வி எனக்குத்தான் முதலில் வந்திருக்க வேண்டும்.

குட்டி போட்ட சமயம் தவிர, பெண் எலி வருகிறவர்களை அவ்வளவாகக் கடிப்பதில்லை என்று டாக்டரம்மா எனக்காகப் பதில் சொன்னார். அதற்கு வேறு ஏதாவது ஆகலாம், சாப்பாடு குறையலாம், தூக்கம் மாறலாம், வேறு இடங்களில் அதைப் பார்க்கிறவர்களும் உண்டு. எங்கள் சோதனை கடியை மட்டும்தான் எண்ணும். நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்காமல் கேமரா வயரைச் சரிசெய்வதுபோல் நின்றுகொண்டேன். டாக்டரம்மா சிரித்துக்கொண்டே முடித்தார்: "அதுக்கு உள்ள என்ன ஆகுதுன்னு நாங்க இன்னும் கேக்கல."

ஞாயிறு டியூட்டி

எலிகளுக்கு லீவு கிடையாது. தீனி, தண்ணீர், தட்பவெப்பம் பார்க்க ஞாயிற்றுக்கிழமையும் ஒருவர் போக வேண்டும். குடும்பம் இருக்கிறவர்கள் ஒவ்வொரு காரணமாகச் சொல்லித் தங்கள் முறையை என்னிடம் தள்ளினார்கள். நானும் பெரிய தியாகி மாதிரி வாங்கிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், ஞாயிற்றுக்கிழமை அந்த மாடி அறையில் என்னால் இருக்க முடியவில்லை. தனிமையாக இருந்தது. அதற்கு வேறு பெயர் வைத்துச் சொல்லிப் பயனில்லை.

கூண்டு கழுவி, மரத்தூள் மாற்றும் வேலை முனிராஜுவுடையது. பெங்களூர்க்காரர், வீட்டில் கன்னடம், எங்களோடு தமிழ்; வீட்டை மட்டும் எப்போதும் 'மனெ' என்றுதான் சொல்வார். தன்னுடைய ஞாயிறு முறைக்கு வரும்போதெல்லாம் நானும் உள்ளே நிற்பதைப் பார்த்துப் பார்த்து, ஒருநாள் தண்ணீர்ப் பாட்டில்களை வண்டியில் அடுக்கிக்கொண்டே கேட்டுவிட்டார். கேலியாகக் கேட்டிருந்தால் நானும் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். "ஏன்க்கா, உங்க மனெல உங்களுக்காக யாரும் காத்திருக்கறதில்லையா?"

தங்கை கேட்டது

எனக்குப் பவானி என்று ஒரு தங்கை. நாங்கள் இருவரும் குடியாத்தத்தில் பிறந்தவர்கள். அப்பா அம்மா இப்போது இல்லை. அவள் கல்யாணம் சரியாக அமையாமல் பிரிந்து வந்து, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டு ஹாஸ்டலில் இருந்தாள். வாரம் ஒரு தடவை போனில் பேசுவோம். சாப்பிட்டியா என்பேன், சாப்பிட்டேன் என்பாள். அவள் கேட்பாள், நானும் அதையே சொல்வேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் சொல்ல ஒன்றும் இருக்காது. ஆனால் போனை வைக்கவும் மனசு வராது. இரண்டு பக்கமும் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும்.

போன வருஷம் ஒருநாள் வழக்கமான கேள்வி பதில் முடிந்த பிறகு, பெங்களூர் சிவாஜிநகரில் ஒரு ஜவுளி மொத்தக் கடையில் பில் போடும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது என்றாள். நல்லது என்றேன். சிவாஜிநகரிலிருந்து என் வீடு எட்டிப் பிடிக்கிற தூரம். அதை அவளும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவள்தான் கேட்டாள். சொந்தத் தங்கை என்னிடம் கேட்க இவ்வளவு கூச்சப்பட்டது எனக்கு என்னவோ போல் இருந்தது. "அக்கா, உனக்குத் தொந்தரவு இல்லன்னா, நான் வந்து உன்கூட இருக்கட்டா?"

கொக்கி

அவள் வருவதற்கு முதல் நாள் வீட்டைப் பெருக்கித் துடைத்தேன். புதுத் தலையணை வாங்கினேன். அவளுக்குப் பிடித்த கத்தரிக்காய் வாங்கி வைத்தேன். கதவைத் திறந்ததும் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதுவிடுவேனோ என்றுகூட எனக்குப் பயம் இருந்தது.

வந்தாள். செருப்பைக் கழற்றினாள். கதவுக்குப் பின்னால் இருந்த கொக்கியில் நான் மாட்டியிருந்த லேப் கோட்டை எடுத்து நாற்காலி மேல் போட்டுவிட்டு, தன் கைப்பையை அங்கே மாட்டினாள். அவ்வளவுதான். எனக்கு உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அது என் கொக்கி, அங்கே எதையும் மாட்டாதே என்று நான் போட்ட சத்தம் கீழே ஸ்டெல்லா ஆன்ட்டிக்குக் கேட்டிருக்கும். உங்களில் தனியாக இருப்பவர்களுக்கு அந்தக் கொக்கி என்னவென்று புரியும், மற்றவர்களுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. புது எலி உள்ளே வந்து முதல் கடிக்கு எவ்வளவு நேரம் என்று எண்ணுகிறவள் நான். அன்றைக்கு எண்ணியிருந்தால், எங்கள் கூடத்தின் மோசமான எலிகூட என்னைவிட நிதானம் என்று தெரிந்திருக்கும். பவானி பையைக் கழற்றி மார்போடு பிடித்துக்கொண்டு அறையைச் சுற்றிப் பார்த்தாள். "சரிக்கா. எங்க மாட்டணும்னு நீயே சொல்லு."

எந்தக் கூண்டு?

கொக்கியோடு அது நிற்கவில்லை. டேபிள் ஃபேனை எந்த வேகத்தில் வைப்பது, பால் பாக்கெட்டை எதில் ஊற்றுவது, என் டம்ளரில் அவள் காப்பி குடித்தது, குளியலறையில் வாளி திசை மாறி இருந்தது என்று எல்லாவற்றுக்கும் கடித்தேன். ஒவ்வொரு தடவையும் பிறகு வருத்தப்பட்டேன். வருத்தப்பட்டதை அவளிடம் சொல்லத் தெரியவில்லை. ஒரு தடவை, கோபத்துக்கு மாத்திரை ஏதாவது கிடைக்குமா என்று டாக்டரைப் போய்ப் பார்க்கலாமா என்றுகூட யோசித்தேன்.

அந்தச் சமயத்தில் வேலையிலும் எரிச்சல். கூட்டத்தோடு வளர்ந்தவற்றுக்கும் தனியாகக் கிடந்தவற்றுக்கும் ஒரே மருந்து, ஒரே அளவு. ஆனால் எலிக்கு எலி பலன் வேறாக இருந்தது. சிலது அமைதியாக முகர்ந்துகொண்டிருந்தது, சிலது பழையபடி பாய்ந்தது. மருந்து கெட்டுப்போய்விட்டது, வேறு பாட்டில் வாங்குங்கள் என்று டாக்டரம்மாவிடம் வாதாடினேன். கூட்டத்தில் இருந்த எலியின் ஏற்பிகளும் தனியாக இருந்த எலியின் ஏற்பிகளும் ஒரே மருந்துக்கு ஒரே மாதிரி பதில் சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லை, தனிமை அந்த ஏற்பிகளையே மாற்றிவிடுகிறதோ என்பதுதான் நம் கேள்வியே என்று அவர் பொறுமையாக விளக்கினார். நான் பாட்டிலையே காட்டிக்கொண்டிருந்தேன். அவர் அதை என் கையிலிருந்து வாங்கி பிரிட்ஜுக்குள் வைத்தார். "மருந்தைக் குத்தம் சொல்லாதீங்க. முதல்ல அது எந்தக் கூண்டுலேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க."

பஸ் ஸ்டாண்டு

பவானி வீட்டுக்கு வரும் நேரம் தள்ளிக்கொண்டே போனது. கடையில் கூட்டம் என்பாள். நானும் நம்பினேன். சரியாகச் சொன்னால், நம்ப வசதியாக இருந்தது. அவள் வருவதற்குள் நான் என் டம்ளரில் காப்பி குடித்து, என் பக்கம் ஃபேனைத் திருப்பி வைத்துக்கொண்டு, பழையபடி இருப்பேன்.

போன சனிக்கிழமை கடைக்கு லீவு என்று அவளுடன் வேலை செய்கிற பெண் ஒருநாள் போனில் அவளிடம் பேசும்போது என் காதிலும் விழுந்துவிட்டது. அன்றைக்கு முழுக்க எங்கே இருந்தாய் என்று கேட்டேன். கத்தித்தான் கேட்டேன். அவள் கத்தவில்லை. அவள் ஒருநாளும் கத்தியதில்லை; நான் கடிக்கக் கடிக்க அவள் ஒதுங்கி ஒதுங்கித்தான் போனாள். எங்கள் கூண்டுகளிலும் வந்த எலி அப்படித்தான் மூலையில் போய் நிற்கும். ஆனால் அதை நாங்கள் கொஞ்ச நேரத்தில் வெளியே எடுத்துவிடுவோம். இவளை யாரும் எடுக்கவில்லை. துணியை மடித்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுல உக்காந்திருந்தேன். தெனமும் கொஞ்ச நேரம் அங்கதான் உக்காந்துட்டு வரேன். மாசக் கடைசியில ஓசூருக்கே போயிடறேன்க்கா."

வால் நுனி

மறுநாள் வேலையில் எனக்குப் புத்தி ஒரு இடத்தில் இல்லை. இனப்பெருக்கத்துக்கு வைத்திருந்த பெண் எலிகளில் இரண்டு தனித்தனியாக மிஞ்சியிருந்தன. அவற்றை ஒன்றாகச் சேர்க்க வேண்டும். வாசலில் கழுவிக் காயவைத்த கூண்டு எடுத்துவரச் சோம்பல்பட்டு, ஒன்றைத் தூக்கி மற்றதன் கூண்டில் போட்டுவிட்டு நகர்ந்தேன். பெண் எலிதானே, என்ன ஆகிவிடப்போகிறது? திரும்பி வந்தபோது முனிராஜு அந்தக் கூண்டின் முன் குனிந்து நின்றார். புதிதாகப் போட்ட எலியின் வால் நுனியில் ரத்தம். கூண்டுக்காரி தன் பஞ்சுக் கூட்டின் மேல் ஏறி நின்றுகொண்டிருந்தாள். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டதிலிருந்து, பெண் எலி அவ்வளவாகக் கடிக்காது என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தவள் நான்.

முனிராஜு வேலைக்கு வந்த காலத்தில் நான் அவருக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம் இது. இரண்டைச் சேர்க்கும்போது ஒன்றின் கூண்டில் மற்றதை விடக்கூடாது. கழுவின புதுக்கூண்டு எடு, இரண்டையும் ஒரே நேரத்தில் உள்ளே விடு. பழைய மரத்தூள் வேண்டாம். இரண்டு கூட்டிலிருந்தும் கொஞ்சம் பஞ்சு மட்டும் எடுத்துப் போடு. அவர் அப்படியே செய்தார். எலிகள் கொஞ்ச நேரம் சுவரோரமாகச் சுற்றின. ஒன்றையொன்று முகர்ந்தன. பிறகு இரண்டும் சேர்ந்து அந்தப் பஞ்சை இழுத்துக் கூடு கட்டத் தொடங்கின. நான் சிவப்பு வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே நின்றேன். எனக்குக் கண்ணீர் வந்தது. முனிராஜு அதை எலிக்காக என்று நினைத்துச் சமாதானம் சொன்னார். "விடுங்க அக்கா, காயம் ஆறிடும். அவ மனெல இவள விட்டா ஆகுமா? ரெண்டு பேருக்கும் புது மனெ வேணும்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க."

நான் பார்த்தால்

அன்றைக்கு நேரத்தோடு கிளம்பி நேராகச் சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பவானி ஒரு சிமெண்டு பெஞ்சில், வருகிற பஸ்களின் போர்டைப் படித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எந்தப் பஸ்ஸும் அவளுக்கு வேண்டியதில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னைப் பார்த்ததும் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அது எனக்கு வலித்தது.

நான் வீட்டைக் காலி செய்கிறேன், நாம் வேறு வீடு பார்க்கலாம் என்றேன். தனக்காக எதற்கு, அவ்வளவு வருஷம் இருந்த வீடு என்றாள். அதனால்தான் என்றேன். அது முழுக்க என் வீடு. அதில் நீ எந்த மூலையில் நின்றாலும் என் இடத்தில்தான் நிற்பாய், நானும் கடித்துக்கொண்டேதான் இருப்பேன். வால் கடிபட்ட எலியின் கதையைச் சொன்னேன். நீ ஓசூருக்குப் போய்விட்டால் நான் அந்தக் கொக்கியை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்றும் கேட்டேன்.  எங்கள் முன்னால் ஒரு பஸ் காலியாகி மறுபடி நிரம்பியது. பிறகு அவள் பையை மடியிலிருந்து எடுத்து எங்கள் இருவருக்கும் நடுவில் வைத்தாள். "அப்போ வீடு நான் பாக்கறேன். நீ பாத்தா அதுவும் உன் வீடாயிடும்."

காலி செய்தது

ஸ்டெல்லா ஆன்ட்டிக்கு நம்பவே முடியவில்லை. வாடகை கூட்டினேனா, தண்ணீர் வரவில்லையா, என் மேல் கோபமா என்று வரிசையாகக் கேட்டார். மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். முதல் கடி, புதுக்கூண்டு, பஞ்சு என்று எல்லாம். சண்டைச் சத்தம் அவருக்கு ஏற்கெனவே கேட்டிருந்ததால் பாதிக் கதை தெரிந்திருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டார், எனக்காக ஜெபம் செய்தார், அட்வான்ஸில் சுண்ணாம்புச் செலவுக்குப் பிடித்துக்கொள்வேன் என்பதையும் மறக்காமல் சொன்னார். சாமான் ஏற்றிய ஆட்டோ கிளம்பும்போது கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "எலிக்குப் பயந்து காலி பண்ணினவங்கள நெறய பாத்திருக்கேன். எலி சொல்லிச்சுன்னு காலி பண்றவள இப்பதான் பாக்கறேன்."

பால் காய்ச்சிய அன்று

பவானி பார்த்த வீடு லிங்கராஜபுரத்தில். ஓர் அறை, ஒரு சமையலறை, ஒரே ஒரு ஜன்னல். ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர். எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வாயைத் திறக்கவில்லை. ஆளுக்கொரு பழைய பொருள் மட்டும் கொண்டுவரலாம், மீதியை மெதுவாக வாங்கிக்கொள்ளலாம் என்று பேசி வைத்திருந்தோம். நான் என் டம்ளரைக் கொண்டுவந்தேன். அவள் ஹாஸ்டல் போர்வையைக் கொண்டுவந்தாள். லேப் கோட்டை வேலை செய்கிற இடத்திலேயே விட்டுவிட்டேன்.

பால் காய்ச்ச நல்ல நேரம் பார்த்துப் போனோம். யார் வலதுகாலை முதலில் வைப்பது என்று வந்தபோது, இரண்டு பேரும் ஒரே நேரத்தில்தான் போக வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். வாசல் குறுகல். பால் சொம்போடு அவளும் அடுப்போடு நானும் நிலையில் தோளோடு தோள் சிக்கிக்கொண்டு, எதிர்வீட்டுக் குழந்தைகள் பார்த்துச் சிரிக்க, ஒருவழியாக உள்ளே விழுந்தோம். பால் பொங்கியது. ஆளுக்குப் பாதி குடித்தோம். என் டம்ளரில் அவள் குடித்தாள். நான் சொம்பு மூடியில் குடித்தேன். எனக்குள் ஏதோ ஒன்று தலையைத் தூக்கியது, பிறகு படுத்துக்கொண்டது.

அவள் ஜன்னலுக்குக் கீழே போர்வையை விரித்துவிட்டு பக்கெட் வாங்கக் கடைக்குப் போனாள். வெறும் வீட்டில் நான் மட்டும் இருந்தேன். கதவுக்குப் பின்னால் பார்த்தேன். கொக்கி இல்லை. பழைய பயம் ஒரு நிமிஷம் வந்தது. இவள் திரும்பி வராமல் அப்படியே பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டால்?  என் பையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் அந்தப் போர்வையின் ஓரத்தில் வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்தேன். பக்கெட்டோடு உள்ளே வந்த பவானி வாசலிலேயே நின்றுவிட்டாள். முகம் சிவந்தது. எங்கள் இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "அக்கா, பையை எடு. அது என் எடம்."

எத்தனையோ எலிகளின் முதல் கடியை முகம் மாறாமல் எண்ணிவைத்த எனக்கு, கடி வாங்கிவிட்டு மனசு குளிர்ந்து பையை எடுத்து நகர்ந்து உட்கார்ந்தது தொழிலில் இதுதான் முதல் தடவை.